ஷேட் வேண்டாம்

ஆம்பூரில் கடல் ஒரு படுக்கையறையில் இருந்தது. நான்கடி நீளம், ஒன்றரை அடி உயரம். அமிர்தவள்ளி அதை முதன்முதலாகப் பார்த்தது எண்பத்தைந்தாம் வருடம் மார்ச் மாதம், ஒரு புதன்கிழமை மாலை, ஷிஃப்ட் மணி அடித்த பிறகு.

அந்தக் கடலைக் கட்டியவர் சின்ன முதலாளி ஜியாவுல்லா. தோல் படிப்புக்காக ஜெர்மனியில் இரண்டு வருடம் இருந்தவர். திரும்பி வருகிறவர்கள் கைக்கடிகாரமும் செண்ட் பாட்டிலும் கொண்டுவருவார்கள். இவர் ஒரு கண்ணாடித் தொட்டியையும், அதன் மூடியையும், மூடிக்குள் மாட்ட இரண்டு குழல்விளக்குகளையும் மரப்பெட்டியில் வைக்கோல் சுற்றிக் கொண்டுவந்தார். விளக்குகளில் ஒன்று வெள்ளை, ஒன்று நீலம். பாறைத்துண்டுகளும் மீன்களும் தெற்கே கடலோரத்து மண்டபம் ஊரிலிருந்து வந்தன. தண்ணீரைக் கொண்டுவந்தது லாரி டிரைவர் அந்தோணி. மெட்ராஸ் துறைமுகத்தில் தோல் லோடை இறக்கிவிட்டு, காசிமேட்டில் ஒரு படகுக்காரரைப் பிடித்து, கரைக்குத் தள்ளி ஆழத்துத் தண்ணீராக இருபது புதுக் கேன்களில் நிரப்பிக்கொண்டு வருவார். செக்போஸ்ட்டில் "இன்னா லோடு?" என்று கேட்டால் "கடல் சார்" என்பாராம்.

"நம்ம ஊர்ல உப்புக்கா பஞ்சம்?" என்று உப்புத் தடவி அடுக்கிய பச்சைத்தோல் குடோனில் சிரித்தார்கள். "மலையாட்டம் கெடக்குது. ரெண்டு கூடை அள்ளிப் போட்டா கடலு. இதுக்குப் போயி மெட்ராஸ்லேர்ந்து தண்ணி வருதாம்."

அமிர்தவள்ளி சிரிக்கவில்லை. இருபத்துநான்கு வயது வரைக்கும் அவள் கடலைப் பார்த்ததே இல்லை. ஆனால் கடல் அவளுக்கு நன்றாகத் தெரியும். நூலகத்தில் பின்வரிசை அலமாரியில், யாரும் எடுக்காத மொழிபெயர்ப்பு நாவல்களில், எத்தனையோ கடல்களை அவள் கடந்திருந்தாள். பனிக்கட்டி மிதக்கும் கடல், கப்பல் உடைந்தவன் கையெழுத்து மறந்துபோகும் வரை தனியாகக் கிடந்த கடல், கலங்கரை விளக்குக்காரன் தன் மனைவிக்குக் கடிதமாக எழுதித் தள்ளிய கடல். பேர்கள்தான் வாயில் நுழையாது. அலைச்சத்தம் நுழைந்துவிடும்.

தொழிற்சாலையில் அவள் வேலை ஷேட் டேபிளில். அங்கே ஷேட் என்றால் நிறம். டிகிரி படித்த மேனேஜரிலிருந்து சாய டிரம்மில் தோலை உருட்டுகிறவர் வரைக்கும் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் கிடையாது. சாயம் ஏறி வரும் ஒவ்வொரு தோலையும், வாங்குகிறவர்கள் ஒப்புக்கொண்ட நிறத்துண்டோடு வைத்துப் பார்த்து, ஒட்டுகிறதா ஒட்டவில்லையா என்று அவள் சொல்ல வேண்டும். டேபிள் வடக்கு ஜன்னலோரம் போடப்பட்டிருந்தது. மேலே நான்கு வெள்ளைக் குழல்விளக்குகள். நேர் வெயில் அந்த டேபிள் மேல் ஒரு நாளும் விழுந்ததில்லை, விழவும் கூடாது. வெயிலில் எல்லாத் தோலும் அழகாகத் தெரியும், எதுவும் உண்மையைச் சொல்லாது. டேபிளில் சேர்ந்த முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

அன்றைக்கு ஜியாவுல்லா டேபிளருகே வந்து, கையிலிருந்த பேனாவை மூடியும் திறந்தும் கொண்டு நின்றார்.

"அமிர்தவள்ளி, வீட்ல ஒண்ணு வெளுத்துக்கிட்டே வருது. எனக்குக் கண்ணு பத்தல. நீ வந்து பாக்கணும்."

"தோலா சார்?"

"தோலா இருந்தா மறுபடி டிரம்ல போட்டுட மாட்டேனா?"

வீடு தொழிற்சாலைக்குப் பின்தெருவில் இருந்தது. முற்றம் தாண்டி, கூடம் தாண்டி, கடைசி அறை. அடர்பச்சை வெல்வெட் திரை போட்ட கிழக்கு ஜன்னல், திரைக்கு இந்தப் பக்கம் ஒரு கட்டில், கட்டிலில் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்த ஒரு பெண். அவள் பார்வைக்கு நேர் எதிரே, நீலமாக எரிந்துகொண்டிருந்தது கடல்.

அமிர்தவள்ளி வாசலிலேயே நின்றுவிட்டாள். சுவரெல்லாம் தண்ணீரின் நிழல் ஆடியது. மின்விசிறி கூட நீந்துவது போலிருந்தது.

"வா. சேர்ல உக்காரு" என்றாள் படுத்திருந்தவள். ஜியாவுல்லாவின் மனைவி முனவ்வர் பேகம். இருபத்தெட்டு வயது. "நான் எந்திரிக்க மாட்டேன், கோச்சிக்காத. எந்திரிச்சா டாக்டரம்மா வேலூர்ல இருந்தே திட்டுவாங்க."

"பரவால்லீங்கம்மா."

"அம்மா வேணாம். அது ஆகுறதுக்குத்தான் இப்டி படுத்துக் கெடக்கறேன். ஆன பெறகு கூப்டு. இப்ப ஆபான்னு கூப்டு, எங்க வீட்ல அக்காவ அப்டித்தான் கூப்டுவோம்."

ஐந்தாம் மாதம். இதற்கு முன் இரண்டு முறை நாலாம் மாதத்தைத் தாண்டாமலே போய்விட்டது. இந்த முறை பிப்ரவரியிலேயே படுக்கச் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கே ஜியாவுல்லா ஆட்களை வைத்துக் கடலைக் காலி செய்து, முற்றத்தோரக் கூடத்திலிருந்து இந்த அறைக்குத் தூக்கிவந்து, மறுபடி நிரப்பினார். மனைவிக்குப் பார்ப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா.

தொட்டிக்குள் நடுப்பாறையில் ஒட்டிக்கொண்டிருந்தது, வெளுத்துக்கொண்டே வருவதாக ஜியாவுல்லா சொன்ன கடல்பூ. பூ என்பது சும்மா பேருக்கு. அது ஒரு பிராணி. அதற்கு நூறு விரல்கள், எல்லாம் எலும்பில்லாத விரல்கள், தண்ணீர் போகும் பக்கம் அவையும் போயின. ஆரஞ்சு மீன்கள் இரண்டு அந்த விரல்களுக்குள் புகுந்து புறப்பட்டுக்கொண்டிருந்தன.

ஜியாவுல்லா ஃபோன் வந்ததென்று வெளியே போனதும் முனவ்வர் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணு சொல்றேன், சிரிக்காத. அதுவும் ஒரே எடத்துல ஒட்டிக்கிட்டுக் கெடக்குது. நானும் கெடக்கறேன். அது இருந்தா இதுவும் இருக்கும்." கை தன் வயிற்றின் மேல் இருந்தது. "அவர் கிட்ட சொல்லாத. பைத்தியம்னு இன்னொரு டாக்டர் கிட்ட கூட்டிட்டுப் போவாரு."

அமிர்தவள்ளி சிரிக்கவில்லை. அவள் படித்த கதைகளில் இதைவிட மெல்லிய நூலில் உயிர்கள் தொங்கியிருக்கின்றன.

பையிலிருந்து ஷேட் வளையத்தை எடுத்தாள். தபால்தலை அளவுத் தோல்துண்டுகள் அறுபது, ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு நம்பர், எல்லாம் ஒரு வளையத்தில் கோத்தது. நம்பர் ஏற ஏற நிறம் அடர்த்தி. நீல விளக்கில் கடல்பூ பச்சையும் ஊதாவுமாக மினுங்கியது. எந்தத் துண்டும் அதோடு ஒட்டவில்லை.

"இந்த நீலக் குழல் பொய் சொல்லுது ஆபா. இத நிறுத்திட்டுப் பாக்கலாமா?"

நிறுத்தினாள். வெள்ளை விளக்கு மட்டும் எரிய, மினுக்கெல்லாம் அணைந்து, கடல்பூ தன் சொந்த நிறத்தில் நின்றது. பதினேழு. டேபிள் பெண்கள் அந்த நம்பரை 'வறுத்த கோதுமை' என்பார்கள்.

"மொதல்ல எப்டி இருந்துச்சு?"

"ஆறிப்போன டீ ஆட்டம்."

அது இருபத்திரண்டு. ஐந்து ஷேட் இறங்கியிருந்தது.

ஜியாவுல்லா மறுநாள் ஜெர்மனிக்கு டெலக்ஸ் கொடுத்தார். அவர்களிடம் தோல் வாங்கும் கம்பெனியில் ஒரு டெக்னீஷியன் இருந்தார். தொட்டிப் பைத்தியத்தை ஜியாவுல்லாவுக்கு ஏற்றிவிட்டவரே அவர்தான். கடல்பூ வெளுக்கிறது, விளக்கில் என்ன மாற்றுவது என்று ஆர்டர் விவரங்களுக்கு அடியில் ஒரு வரி சேர்த்திருந்தார். மூன்றாம் நாள் பதில் வந்தது. டெலக்ஸ் என்றால் சொல்லுக்குச் சொல் காசு, ஆகவே எல்லாம் எலும்பு மட்டும். ஷேட் பதினான்கு சரி. ஷேட் ஒன்பது சிவப்பு ஜாஸ்தி, திரும்ப அனுப்பு. உன் பூவுக்கு ஷேட் வேண்டாம். கறுப்பு ஐந்நூறு அடி அவசரம்.

"பாத்தியா?" ஜியாவுல்லா காகிதத்தை ஷேட் டேபிளில் விரித்தார். "கலரு வேணாம்ன்றான். நீ பாத்த ஒடனே சொன்னது, அவன் ஜெர்மனில இருந்து சொல்றான்."

அமிர்தவள்ளிக்கு உள்ளங்கால் வரை குளிர்ந்தது. அன்றைக்கே நீலக் குழல் மூடியிலிருந்து இறங்கிப் பீரோவுக்குப் பின்னால் போனது. வெள்ளைக் குழலுக்குப் பதிலாக ஷேட் டேபிளிலிருந்தே ஒன்றைக் கழற்றி மாட்டினார்கள். உண்மையைத் தவிர எதையும் காட்டாத விளக்கு.

அதன்பின் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் அங்கே போனாள். கடல்பூவைப் பார்ப்பாள், ஷேட் சொல்வாள், பிறகு நூலகத்து நாவலில் ஓர் அத்தியாயம் வாசிப்பாள். கலங்கரை விளக்குக்காரன் கதை. வெயில் ஏறிக்கொண்டே போன நாட்கள். தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டி, மேசை விசிறி ஒன்றை அதன் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள்.

"மீனுக்கு ஃபேனு, எனக்கு ஓலை விசிறி" என்று முனவ்வரின் மாமியார் ஹலீமா பீ டீ கொண்டுவந்து வைக்கும்போதெல்லாம் சொல்வார். "அடுத்த பொறப்புல மீனாப் பொறக்கணும்னு கேக்கலாம்னா நம்ம மார்க்கத்துல அதுக்கும் வழி இல்ல."

அந்த அறையில் பகல் எது, மாலை எது என்று தெரியாது. திரை அவ்வளவு கனம். எதிர்மாடியில் வாடகைக்கு நாலு பிரம்மச்சாரிப் பையன்கள் இருந்ததால் அதைத் திறப்பதே இல்லை. "காலைல மட்டும் ஓரத்துல ஒரு கோடு வெயில் வுழும்" என்றாள் முனவ்வர் ஒருநாள். "ஸ்கேல் ஆட்டம், தொட்டி மூலைல. அதப் பாத்துத்தான் விடிஞ்சுதுன்னு தெரியும்." வாசித்துக்கொண்டிருந்த அமிர்தவள்ளி உம் கொட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். விளக்குக்காரன் அப்போதுதான் தன் விளக்கின் கண்ணாடியை மான்தோலால் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் முதல் வாரத்தில் கடல்பூ பதினைந்துக்கு இறங்கியது. அடுத்த வாரம் பதின்மூன்று.

நிறம் ஏன் இறங்குகிறது என்பது தனக்குத் தெரியும் என்று அமிர்தவள்ளி நினைத்தாள். தொழிற்சாலையில் அதற்கென்றே ஒரு சோதனை உண்டு. தோல்துண்டின் பாதியை அட்டையால் மூடி, மீதிப் பாதியைப் பெரிய விளக்கின் கீழ் மூன்று நாள் வைப்பார்கள். அட்டையை எடுத்தால், மூடிய பாதி அப்படியே இருக்கும், திறந்த பாதி வெளுத்திருக்கும். வெளிச்சம் நிறத்தைத் தின்னும். ஷேட் டேபிளின் பைபிளில் முதல் வசனம் அதுதான்.

"வெளிச்சம் ஜாஸ்தி சார்" என்றாள் ஜியாவுல்லாவிடம். "கம்மி பண்ணணும்."

பத்து மணி நேரம் எரிந்த விளக்கை ஆறு மணி நேரமாக்கினார்கள். பிறகு நான்கு. குழலுக்கு அடியில் பட்டர் பேப்பர் ஒட்டினாள். அறை மேலும் மங்கியது, அழகாகக்கூட ஆனது. பால் கலந்த மாதிரி ஒரு வெளிச்சத்தில் மீன்கள் மெதுவாகப் போய்வந்தன. ஏப்ரல் கடைசியில் கடல்பூ நடுப்பாறையை விட்டு நகர ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு இரண்டு அங்குலம். விளக்குக்கு நேர்க்கீழ் இருந்த இடத்தைவிட்டு, பாறையிலிருந்து இறங்கி, ஜன்னல் பக்கத்துக் கண்ணாடி மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. விளக்குக்குப் பயந்து ஓடுகிறது என்று அவள் முடிவுகட்டினாள். இன்னொரு பட்டர் பேப்பர் ஒட்டினாள்.

பத்து. எட்டு.

"இன்னைக்கு இன்னா ஷேட் வள்ளி?" என்று கட்டிலிலிருந்து கேட்பாள் முனவ்வர். படுத்த வாக்கில், அந்த மங்கலில், அவள் கண்ணுக்கு ஒன்றிரண்டு ஷேட் வித்தியாசம் தெரியாது. அவளுடைய முகமும் வெளுத்திருந்தது. ராத்திரி தூக்கமில்லை என்றாள். அசைவு கம்மியாக இருக்கிற மாதிரி இருக்கிறது என்று ஒருநாள் சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்பது போல உதட்டைக் கடித்தாள்.

"பதினேழுதான் ஆபா. எறங்கல."

நாலு வருடத்தில் ஒரு தோலைக்கூட ஒட்டாமல் ஒட்டியதாகச் சொன்னதில்லை அவள். இதைச் சொல்ல மட்டும் எச்சில் விழுங்கக்கூடத் தேவைப்படவில்லை.

ஆனால் கைக்குப் பொய் வரவில்லை. ஒவ்வொரு நாளும் கடல்பூவோடு ஒட்டிய நம்பரின் துண்டுத்தோல் ஒன்றை, டேபிள் டிராயரிலிருந்து எடுத்து, முதுகில் தேதி எழுதி, அன்றைக்கு வாசித்து நிறுத்திய பக்கத்தில் அடையாளமாக வைத்துவிடுவாள். பழக்கம். தேதியில்லாத ஷேட் ஷேட்டே இல்லை.

மே மாதம் இரண்டாம் வாரம், சனிக்கிழமை, அவசரத்தில் நாவலை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

திங்களன்று போனபோது நாவல் முனவ்வரின் தலையணைக்குப் பக்கத்தில் மூடியிருந்தது. அதன் அட்டை மேல் தோல்துண்டுகள் வரிசையாக அடுக்கியிருந்தன. வறுத்த கோதுமையில் தொடங்கி, வேர்க்கடலை, பிஸ்கட், ஆற்காட்டு மக்கன்பேடாவின் உள்பக்கம், கடைசியில் கிட்டத்தட்ட சுண்ணாம்பு. படிக்கட்டு மாதிரி இறங்கின.

"கதை நல்லா இருக்குது" என்றாள் முனவ்வர். "அவன் எப்ப வெளக்க அணைப்பான்னு தெரிஞ்சிக்கலாம்னு முன்னாடி புரட்டினேன். பின்னாடியும் புரட்டினேன்."

அமிர்தவள்ளி நின்றுகொண்டே இருந்தாள்.

"ஃபேக்டரில இப்டித்தான் பாஸ் பண்ணுவியா?"

"இல்ல ஆபா."

"ஒரு பீஸ் கூட?"

"ஒண்ணு கூட இல்ல."

"அப்ப நான் மட்டும் இன்னா, ரிஜெக்ட் பீஸா?"

முனவ்வர் அழவில்லை. அழுதிருந்தால் பதில் சொல்ல எளிதாக இருந்திருக்கும்.

"ரெண்டு தடவையும் இப்டித்தான் பண்ணாங்க" என்றாள் கூரையைப் பார்த்து. "எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு. எனக்கு மட்டும் ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னாங்க. நீ வெளி ஆளு, வெளிய இருந்து வந்து உண்மையச் சொல்லுவேன்னு இருந்தேன்." பிறகு கண்ணைத் தொட்டிப் பக்கம் திருப்பி, "இப்ப எவ்ளோ?" என்றாள்.

"ஆறு."

"ஆறுக்குக் கீழ?"

"அஞ்சு வெள்ளை. அதுக்குக் கீழ சாயமே போடாத தோல்."

"போய்ட்டு வா. வேற இன்னா பண்ணலாம்னு தெரிஞ்சா வா. ஓகே சொல்றதுக்கு வராத."

மறுநாள் டேபிளில் அவளுக்கு எதுவும் ஒட்டவில்லை. எட்டுத் தோலைத் திருப்பி அனுப்பினாள். ஃபோர்மேன் வந்து பார்த்துவிட்டு, எட்டும் சரியாகத்தானே இருக்கிறது என்று எடுத்துப் போனார். மதியம் சோற்றுக் கேரியரைத் திறக்காமல் லோடிங் யார்டுப் பக்கம் போய் நின்றாள். கல்லெல்லாம் கொதிக்கும் மே மாத வெயில். கட்டுக்கட்டாகத் தோல் ஏற்றிய லாரி ஒன்று நடு யார்டில் உறுமிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் அந்தோணி, தலையில் ஈரத்துண்டு.

"ஏம்பா காசி!" என்று வாட்ச்மேனைப் பார்த்துக் கத்தினார். "அந்த சைக்கிளுங்கள எடுத்துப் போடுப்பா! வண்டிய ஷேட்ல நிறுத்தணும்!"

அமிர்தவள்ளி தன்னை அறியாமல் கேட்டாள். "எந்த ஷேட்ல அண்ணே?"

அந்தோணி ஜன்னல் வழியே தலையை நீட்டி அவளைப் பார்த்தார். பிறகு யார்டே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். "எந்த ஷேட்டா? ப்ரவுன் ஷேட்ல! டேபிள்காரிக்குப் புத்தி எங்க போவுது பாரு! புளியமரத்து ஷேட்லம்மா! ஷேட்டு! நெழலு! மெட்ராஸ் போற வரைக்கும் நாங்க தேடறதே அது ஒண்ணுதான். வாலாஜா தாண்டினா ஒரு மரம் கெடையாது, தெரியுமா?"

சைக்கிள்கள் நகர, லாரி மெல்லப் பின்னால் போய்ப் புளியமரத்தடியில் நின்றது. அதன் தார்ப்பாய் மேல் இருந்த வெயில், விளிம்பிலிருந்து விளிம்பு வரை, ஒரு துணியை இழுத்தாற்போல் கழன்றது.

அவள் வெயிலிலேயே நின்றாள். உன் பூவுக்கு ஷேட் வேண்டாம்.

காலையில் தொட்டி மூலையில் ஒரு கோடு வெயில் விழும். ஸ்கேல் ஆட்டம். நாளைக்கு இரண்டு அங்குலமாக, எலும்பில்லாத ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு, கடல்பூ பாறையை விட்டு இறங்கிப் போன மூலை. அது ஓடவில்லை. தேடிப் போயிருக்கிறது. அவள் ஒட்டிய பட்டர் பேப்பருக்கு அப்பால், அவள் கழற்றிப் போட்ட நீலக் குழலுக்கு அப்பால், அந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரே ஒரு கோட்டை நோக்கி. முற்றத்தோரக் கூடத்தில் இருந்த நாட்களில் அது ஆறிய டீயாக இருந்தது. முற்றத்தில் மேலே ஆகாயம் இருந்தது.

ஆபீஸ் அறைக்கு அவள் ஓடியதைப் பலர் பார்த்தார்கள்.

ஜியாவுல்லா டெலக்ஸ் கோப்பைப் பிரித்து அந்த வரியைத் தேடிப் படித்தார். மறுபடி படித்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ரெண்டு வருஷம் அந்த ஊர்ல இருந்தேன். அங்க இந்த அர்த்தத்துல யாரும் சொல்லிக் கேட்டதே இல்ல. வெயில் அடிச்சாத்தானே நெழல்!"

"என் தப்பு சார். செத்த தோலப் பாத்துப் பாத்து, உசுரு இருக்கறதுக்கும் அதே ரூல் போட்டுட்டேன்."

"நீ மட்டுமா போட்ட?" என்றார் அவர், நாற்காலியைத் தள்ளி எழுந்துகொண்டே.

திரைதான் பிரச்சினையாக இருந்தது. திறக்கக் கூடாது என்றார் ஹலீமா பீ, எதிர்மாடிப் பையன்களைக் காட்டி. தொட்டியை மறுபடி கூடத்துக்கு மாற்றலாம் என்றார் ஜியாவுல்லா. "அத எடுத்துட்டா நான் எழுந்து அது பின்னாலயே போயிடுவேன்" என்றாள் முனவ்வர், யாரையும் பார்க்காமல். அமிர்தவள்ளி ஜன்னல் முன்னால் கொஞ்ச நேரம் நின்று, கட்டிலின் உயரத்தையும் தொட்டியின் உயரத்தையும் கண்ணாலேயே அளந்தாள். பிறகு கத்தரிக்கோல் கேட்டாள்.

"வெல்வெட்டு! பம்பாய் வெல்வெட்டு!" ஹலீமா பீ அலறி முடிப்பதற்குள், தோலின் ஓரம் நறுக்குவது போல, நேர்கோடாக, திரையைக் குறுக்கே பாதியாக வெட்டிவிட்டாள். கீழ்ப்பாதி அவள் தோளில் விழுந்தது. மேல்பாதியைக் கம்பியிலிருந்து கழற்றிவிட்டு, கீழ்ப்பாதியை ஜன்னலின் பாதி உயரத்தில் கயிறு கட்டி, கட்டிலை மறைத்தபடி மாட்டினாள். எதிர்மாடியிலிருந்து பார்த்தால் தொட்டியின் தலையும் சுவரும்தான் தெரியும்.

"பையனுங்க மீனப் பாத்துட்டுப் போகட்டும்" என்றாள் முனவ்வர். மூன்று நாளில் அவள் பேசிய முதல் வேடிக்கை அது.

நீலக் குழல் பீரோவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து தூசி துடைத்துக்கொண்டது. ஜெர்மன் வெள்ளைக் குழலும் மூடிக்குத் திரும்பியது. பட்டர் பேப்பர் குப்பைக்குப் போனது. டேபிளுக்குச் சொந்தமான குழல் டேபிளுக்கே திரும்பியது. ஆனால் அமிர்தவள்ளி வெயிலை ஒரேயடியாக விடவில்லை. சாயத்தை ஒரே ஊற்றாக ஊற்றினால் தோல் திட்டுத்திட்டாகப் போகும். தவணை தவணையாகத்தான் ஊற்ற வேண்டும். முதல் நாள் கால்மணி நேரம். பிறகு ஒரு வெள்ளைத் துணி. மறுநாள் அரைமணி. ஒரு வாரத்தில், ஆறரையிலிருந்து ஒன்பது வரைக்கும், ஜவ்வாது மலைப் பக்கம் ஏறும் வெயில் தடையில்லாமல் தொட்டிக்குள் இறங்கியது. ஒன்பதுக்கு மேல் சூரியன் தானாகவே கூரைக்கு மேலே ஏறிவிடும், தண்ணீரும் கொதிக்காது.

இப்போது அவள் ஷிஃப்டுக்கு முன்னால், காலையில் போனாள். ஷேட் அவள் சொல்வதில்லை. முனவ்வர் கேட்பதுமில்லை. முதல் நாளே கையை நீட்டி வளையத்தை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். "இனிமே உன் வாயால கேக்க மாட்டேன்" என்றாள். கோபம் இருந்ததா என்று தெரியவில்லை. நாவல் வாசிப்பது மட்டும் தொடர்ந்தது. விளக்குக்காரனின் மனைவியிடமிருந்து ஒரு பதில்கூட வரவில்லை, இன்னும் நாற்பது பக்கம் இருந்தது.

கடல்பூ நகர்வதை நிறுத்தியது. மூலையைவிட்டுக் கொஞ்சம் மேலேறி, வெயில் நன்றாக விழும் ஒரு கல்லில் நின்றது. சுருங்கியிருந்த விரல்கள் நீண்டன. ஆனால் நிறம் மட்டும் அசையவில்லை. பத்து நாள், பதினைந்து நாள். ஆறு, ஆறு, ஆறு என்றே அமிர்தவள்ளியின் கண் சொன்னது. ஜூன் பிறந்தது. எட்டாம் மாதம். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்காரலாம் என்று டாக்டரம்மா அனுமதி கொடுத்திருந்தார்.

திரையை வெட்டிய இருபத்திரண்டாம் நாள் காலை அவள் போனபோது முனவ்வர் உட்கார்ந்திருந்தாள். கட்டில் தொட்டிக்கு அருகில் இழுக்கப்பட்டிருந்தது. தண்ணீர் வழியாக வந்த வெயில் அவள் கன்னத்திலும், உயர்ந்த வயிற்றின் மேலும், வலைவலையாக ஆடியது. கையில் வளையம். அதில் ஆறாம் நம்பரை மட்டும் பிரித்து, கண்ணாடியில் ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஷேட் டேபிளில் புதிதாகச் சேர்ந்த பெண் மாதிரி, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"ஒட்டல வள்ளி" என்றாள்.

ஐந்து வெள்ளை. அதற்குக் கீழே சாயமே போடாத தோல்.

"ஒட்டலன்னா எப்டி ஆபா?"

"ஒண்ணு வெளுப்பா இருக்குது."

"எது? பூவா?"

முனவ்வர் துண்டை விரல்களுக்கு நடுவில் அருகே, தள்ளி, மறுபடி அருகே என்று வைத்துப் பார்த்தாள். ஆரஞ்சு மீன் ஒன்று வந்து தோல்துண்டை அந்தப் பக்கத்திலிருந்து முட்டிப் பார்த்துவிட்டுப் போனது. ஒருமுறை, வயிற்றில் ஏதோ உதைத்தது போல, அவள் கை சட்டென்று அங்கே போய்த் தடவிவிட்டு, திரும்பிக் கண்ணாடிக்கே வந்தது.

"பூவு இல்ல" என்றாள் மெதுவாக. "தோலு."

அமிர்தவள்ளி குனிந்தாள். அவள் கண்ணுக்கும் தெரிந்தது. விரல்களின் அடியில், தண்டோடு சேரும் இடத்தில், யாரோ ஒரு சொட்டு டீயைத் தொட்டு வைத்த மாதிரி. சொல்ல வேண்டிய வேலை இப்போது அவளுடையது இல்லை.

"சும்மா நிக்கிற?" என்றாள் முனவ்வர், வளையத்தை அவளிடம் நீட்டி. "எனக்கு இதுல நம்பரு தேடத் தெரியல. ஏழு எடுத்துக் குடு."